ஆங்கில வினைகளும் தொழிற்பெயரும்

தமிழ் இலக்கணம் பயின்ற மாணவர்க்கு ஆங்கில இலக்கணம் முற்றிலும் அயலானதன்று. வினையடியோடு 'இங்' என்னும் ஈறு சேர்ந்து பெயராய் நிற்பதை ஆங்கிலத்தார் 'ஜெரண்ட்' என்பர். நம் 'படித்தல்', 'எழுதுதல்' முதலிய தொழிற்பெயர்களோடு இஃது ஒப்பது. வினையடியின் முன் 'டு' பெற்று வரும் வடிவமோ, தொல்காப்பியர் கூறும் 'செய' என்னும் வாய்பாட்டு எச்சத்தைப் பெரிதும் ஒக்கும். எவ்வினையை அடுத்து எவ்வடிவம் வரும் என்பதே மாணவர் இடறும் இடமாகும்.

எஞ்சாய், ஃபினிஷ், அவாய்ட், சஜெஸ்ட், மைண்ட் ஆகிய வினைகளை அடுத்து ஜெரண்ட் வரும். 'டு' வடிவம் வாராது. 'ஐ எஞ்சாய் ரீடிங்' என்பதே வழக்கு; 'ஐ எஞ்சாய் டு ரீட்' என்பது வழு. தமிழில் 'படித்து மகிழ்கிறேன்', 'படித்து முடித்தேன்' என வினையெச்சம் வருதலின், ஆங்கிலத்தில் பெயர் வரவேண்டும் என்பது நமக்கு எளிதில் தோன்றுவதில்லை. மாறாக வான்ட், ஹோப், டிசைட் ஆகியன 'டு' வடிவத்தையே வேண்டி நிற்கும்.

சில வினைகள் இரண்டையும் ஏற்கும். ஆயின் பொருள் வேறுபடும். 'ஹீ ஸ்டாப்ட் ஸ்மோக்கிங்' என்றால் புகைத்தலை விட்டான் என்பது பொருள். 'ஹீ ஸ்டாப்ட் டு ஸ்மோக்' என்றால் புகைப்பதற்காக நின்றான் என்பது பொருள். முன்னவன் திருந்தியவன், பின்னவன் திருந்தாதவன்! அவ்வாறே, 'ஐ ரிமெம்பர்ட் டு லாக் த டோர்' என்பது மறவாமல் கதவைப் பூட்டினேன் எனப் பொருள்படும். 'ஐ ரிமெம்பர் லாக்கிங் த டோர்' என்பதோ பூட்டியது நினைவிலுள்ளது என்பதாம். முன்னதில் நினைவு முந்துகிறது. பின்னதில் செயல் முந்துகிறது.

'லுக் ஃபார்வர்ட் டு' என்னும் தொடரில் தனிக் கவனம் தேவை. இங்குள்ள 'டு' எச்சத்தின் உறுப்பன்று. பெயரை வேண்டும் இடைச்சொல். 'லுக் ஃபார்வர்ட் டு யுவர் ரிப்ளை' எனப் பெயர் பொருந்தி வருதலே இதற்குச் சான்று. எனவே 'டு மீட் யூ' என்னாது 'டு மீட்டிங் யூ' என்றே எழுதுக. வேலை வேண்டி எழுதும் மடலில் பெரும்பாலும் இதுவே இறுதி வரி. தேர்வாளர் கண்ணில் கடைசியாகப் படுவதும் இதுவே. நல்ல தகுதியுடையார் ஒரு சொல்லால் மதிப்பிழத்தல் ஆகாது.

பட்டியலை மனனம் செய்வதினும், 'எஞ்சாய் ரீடிங்', 'டிசைட் டு கோ' எனத் தொடராகவே பயிலுதல் நன்று. தாய்மொழியின் அமைப்பைத் தெளிந்தவர்க்கே பிறமொழி எங்கே ஒத்தும் எங்கே வேறுபட்டும் செல்கிறது என்பது விளங்கும். ஆகவே மாணவர்காள், ஆங்கிலம் செம்மையுறவும் தமிழிலக்கணம் பயில்வீர்!