தனி அறையில் காய்ச்சல்

கண்ணு, வேலைக்கென்று ஊர்விட்டு ஊர் போயிருக்கிறாய். ஒற்றை அறை, ஒற்றை அடுப்பு. உடம்பு சரியில்லாத நாளில் படுத்திருப்பதும் நீ, எழுந்து கஞ்சி வைப்பதும் நீ. அந்த இரண்டு பேரும் ஒருவரையொருவர் கடிந்துகொள்ளாமல் இருக்க, எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

1. காய்ச்சல் சொல்லிவிட்டு வராது. நன்றாக இருக்கும்போதே பச்சரிசியை வெறும் வாணலியில் வாசம் வரும்வரை வறுத்து, ஆறவிட்டு, மிக்சியில் நொய்யாக உடைத்து டப்பாவில் போட்டு வை. பக்கத்திலேயே பாசிப்பருப்பு, மிளகு, சீரகம், சுக்கு, உப்பு நாரத்தங்காய், இரண்டு ஓ.ஆர்.எஸ். பாக்கெட். காய்ச்சலோடு மளிகைக் கடை வாசலில் நிற்கிற பிள்ளைகளைப் பார்த்தால் எனக்கு இரக்கத்தோடு கொஞ்சம் கோபமும் வரும்.

2. முதல் நாள் பசிக்கவில்லையென்றால் வற்புறுத்திச் சாப்பிடாதே. ஆனால் பட்டினி சோற்றுக்குத்தான், தண்ணீருக்கு இல்லை. ‘லங்கணம் பரம ஔஷதம்’ என்று சொல்லிக்கொண்டு, சொட்டுத் தண்ணீர்கூடக் குடிக்காமல் சுருண்டு கிடந்தவர்களை எங்கள் தெருவிலேயே பார்த்திருக்கிறேன். வெந்நீர், நீர்மோர், இளநீர், எது இறங்குகிறதோ அது. படுக்கை ஓரத்தில் சொம்பு நிறைய வைத்துக்கொள்.

3. இனி கஞ்சி. ஒரு கைப்பிடி நொய், ஒரு ஸ்பூன் பாசிப்பருப்பு, நாலு பல் பூண்டு, அரை ஸ்பூன் சீரகம், ஒரு சிட்டிகை வெந்தயம். அரிசிக்கு ஏழெட்டு மடங்கு தண்ணீர். குக்கரில் பாதிக்கு மேல் நிரப்பாதே. கஞ்சி நுரைத்துப் பொங்கி ஆவி போகும் துளையை அடைத்துவிடும். நாலைந்து விசில் வந்ததும் அணைத்துவிட்டு, ஆவி தானாக அடங்கும்வரை போய்ப் படு. நின்றுகொண்டு காவல் காக்க வேண்டாம். தலை சுற்றினால் நாற்காலியை அடுப்படிக்கே இழுத்துப் போட்டுக்கொள்.

வேலைக்குப் போன புதிதில் திருச்சி உறையூரில் ஒரு போர்ஷனில் குடியிருந்தேன். வீட்டுக்கார அம்மாள் கஞ்சி கொண்டுவரும் அழகைச் சொல்ல வேண்டும். வெந்நீர் விட்டு அலம்பிய டம்ளர், அதில் ததும்பாமல் கஞ்சி, மேலே அரை ஸ்பூன் நெய், தட்டில் ஒரு சுட்ட அப்பளம், ஒரு துண்டு நாரத்தங்காய். யாரோ பெரிய மனிதர் வீட்டுக்கு வந்திருப்பதுபோல எதிரில் வைப்பார். எனக்குப் பாதி காய்ச்சல் அந்தத் தட்டைப் பார்த்ததுமே விட்டுவிடும். நீயும் குக்கரிலிருந்தே கரண்டியால் வழித்துத் தின்னாதே. ஒரு தட்டு எடு, உட்கார், நிதானமாகக் குடி. பிறருக்குச் செய்யும் மரியாதையைத் தனக்குச் செய்துகொள்ள நம்மில் பலருக்குக் கூச்சம். எல்லாவற்றையும்விட முதலில் விட வேண்டியது அந்தக் கூச்சத்தைத்தான்.

4. காய்ச்சல் நாக்கு பொய் சொல்லும். எல்லாம் சப்பென்று இருக்கும், இல்லையென்றால் கசக்கும். அதை நம்பி உப்பை அள்ளிப் போடாதே. வழக்கமாகப் போடும் அளவைக் கை அறியும். அதிலும் ஒரு சிட்டிகை குறைத்துப் போடு.

5. ரசத்துக்குச் சின்ன நெல்லிக்காயளவு புளி, ஒரு தக்காளி, மிளகு சீரகம் பூண்டு தட்டிப் போட்டது போதும். பருப்பு வேகவைக்கத் தெம்பில்லையா, விட்டுவிடு. புளியின் பச்சை வாசம் போகட்டும். மிளகு சேர்த்த பிறகு நுரை கட்டி எழும்பும்போதே இறக்கிவிடு. அதன்பின் தளதளவென்று கொதித்த ரசத்தின் வாசம் வீட்டில் இருக்கும், டம்ளரில் இருக்காது.

6. வாந்தி, வயிற்றுப்போக்கு என்றால் சமையலை மறந்துவிடு. ஓ.ஆர்.எஸ். இல்லாவிட்டால், கொதித்து ஆறிய தண்ணீர் ஒரு லிட்டரில் தலைதட்டிய டீஸ்பூனால் ஆறு சர்க்கரை, அரை உப்பு. அதற்குமேல் உப்பு ஏறக்கூடாது. வாந்தி வந்தாலும் பத்து நிமிடம் பொறுத்து, மறுபடி வாய்வாயாகக் குடி. இது என்ன பெரிய மருந்து என்று நினைக்காதே. 1971-இல் வங்கதேசப் போரின்போது, மேற்கு வங்கம் பன்காவ் அகதி முகாமில் காலரா பரவியது. ஊசி வழியே ஏற்றும் திரவம் தீர்ந்துபோனது. மருத்துவர் திலீப் மகலனாபிஸ் உப்பையும் குளுக்கோசையும் அளந்து தண்ணீரில் கலக்கவைத்து, நோயாளிகளுக்கு அவர்கள் வீட்டாரையே புகட்டச் சொன்னார். சாவு வெகுவாகக் குறைந்தது. படித்தவர்கள் செய்ய வேண்டிய வேலை என்று எண்ணியதை அம்மாக்களும் அக்காக்களும் அங்கே செய்தார்கள். நீ உன் கையாலேயே உனக்குச் செய்துகொள்ளலாம்.

7. மூன்று வேளைக்கும் சேர்த்து வடித்து, சோற்றை வெளியே வைத்துவிடாதே. ஆறிக் கிடக்கும் சோற்றில் பெருகும் ஒரு கிருமியின் நஞ்சு, திரும்பச் சூடாக்கினாலும் போகாது. பழையது திடமான உடம்புக்கு. படுத்திருக்கும்போது அந்தந்த வேளைக்கு ஒரு பிடி போதும்.

8. கஞ்சியால் ஆகாதது உண்டு. தண்ணீர்கூடத் தங்கவில்லை, சிறுநீர் குறைந்துவிட்டது, மூச்சு வாங்குகிறது, மூன்றாம் நாளும் காய்ச்சல் குறையவில்லை என்றால் மருத்துவமனைக்குப் போ. மழைக்காலத்தில் இன்னொன்று: டெங்குவில் காய்ச்சல் விடும் நாள்தான் ஆபத்து தொடங்கக்கூடிய நாள். சூடு தணிந்தபின் வயிறு கடுமையாக வலித்தாலோ, வாந்தி நிற்காவிட்டாலோ, ஈறில் ரத்தம் கசிந்தாலோ ஆட்டோவைக் கூப்பிடு. டெங்கு இல்லை என்று தெரியும்வரை ஆஸ்பிரின், புரூஃபன் பக்கம் போகாதே. சுக்கு கஷாயத்தின் மேல் எனக்கு எவ்வளவு பிரியமோ, அவ்வளவு பயமும் உண்டு, அதை நம்பியே உட்கார்ந்துவிடுவார்களோ என்று.

9. அம்மா போனில் கேட்டால் ‘நல்லா இருக்கேன்’ என்று சொல்லாதே. குரலிலேயே அவளுக்குத் தெரிந்துவிடும். பிறகு இரவெல்லாம் தூங்கமாட்டாள். நூறு டிகிரி, கஞ்சி குடித்தேன், மாத்திரை போட்டேன் என்று உள்ளதைச் சொல். உள்ளது தெரிந்தால் கவலைக்கும் ஒரு அளவு உண்டாகும். பக்கத்துக் கதவையும் தட்டு. ஒரு டம்ளர் ரசம் கேட்பதில் கௌரவம் ஒன்றும் குறையாது. கொடுப்பவர்களுக்கு அது சந்தோஷம் என்பதை வயதானபின் நீயே அறிவாய். அவர்கள் கொடுத்த பாத்திரத்தை மட்டும் வெறுமையாகத் திருப்பாதே. இரண்டு வாழைப்பழம் வைத்தால்கூடப் போதும், இருமல் நின்ற பிறகு போய்க் கொடு.