புகையும் விறகே!

"அடுப்பூதும் பெண்களுக்குப் படிப்பு எதற்கு?" என்று ஒரு காலத்தில் கேட்டார்கள். அடுப்பை ஊதாமலே எரிய வைப்பதற்குத்தான் படிப்பு வேண்டும் என்பதே என் பதில். அதை நான் கற்றுக்கொண்ட கதையைத் தோழியருக்கும் பெற்றோருக்கும் சொல்ல விரும்புகிறேன்.

எங்கள் ஊர் சேரன்மகாதேவிக்கு அருகில் உள்ளது. வீட்டில் எரிவாயு அடுப்பு உண்டு. ஆனால் அது காப்பிக்கும் அவசரச் சமையலுக்கும்தான். சோறு வடிப்பதும், குளிக்க வெந்நீர் போடுவதும் இன்றும் விறகடுப்பிலேயே. சென்ற ஆண்டு ஆச்சிக்கு மூச்சுத்திணறல் வந்தது. பரிசோதித்த மருத்துவர், பல ஆண்டுகள் புகைபிடித்தவரின் நெஞ்சைப்போல் இருக்கிறது என்றார். பீடியைக் கையால் தொட்டறியாத ஆச்சி சிரித்துவிட்டார்கள். "எத்தனை வருஷமா விறகடுப்பு?" என்று அவர் அடுத்துக் கேட்டபோது எங்களில் ஒருவருக்கும் சிரிப்பு வரவில்லை. பதிமூன்று வயதில் ஊதுகுழலைக் கையில் எடுத்தவர்கள் எங்கள் ஆச்சி. அப்போது எனக்குப் பதினான்கு வயது. அம்மாவுக்கு ஒத்தாசையாக நானும் அதே அடுப்பின் முன்தான் உட்கார்ந்திருந்தேன்.

மெழுகுவர்த்தி கற்பித்த பாடம்

அந்த வாரம் எங்கள் அறிவியல் ஆசிரியையாகிய சிஸ்டர், எரிதல் பற்றிப் பாடம் நடத்தினார்கள். எரியும் மெழுகுவர்த்தியை ஊதி அணைத்தார்கள். திரியிலிருந்து வெண்புகை ஒன்று நூலாக எழுந்தது. எரியும் தீக்குச்சியைத் திரியில் வைக்காமல், அதற்குச் சற்று மேலே அந்தப் புகையில் காட்டினார்கள். சுடர் புகை வழியே கீழே தாவித் திரியை மீண்டும் பற்றிக்கொண்டது! "புகை என்பது எரியாமல் தப்பிப் போகும் எரிபொருள்" என்றார்கள் சிஸ்டர்.

விறகும் இப்படித்தான். சூடேறிய விறகிலிருந்து முதலில் ஆவிகள் வெளிவருகின்றன. போதிய காற்றும் நல்ல வெப்பமும் இருந்தால் அவை சுடராகி எரியும். இல்லாவிட்டால் புகையாகிக் கண்ணையும் நெஞ்சையும் தாக்கும். நெருப்பில்லாமல் புகையாது என்பது பழமொழி. நல்ல நெருப்பாக இருந்தால் அதிகம் புகையாது என்பது அறிவியல். ஆகவே புகையும் அடுப்பு இரண்டு நஷ்டம் தருகிறது. ஒன்று உடலுக்கு, மற்றொன்று விறகுக்கு. மூன்று கல் கூட்டி எரிக்கும் அடுப்பில் விறகின் வெப்பத்தில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கே பானைக்குப் போய்ச் சேருகிறது.

முன்னோர் செய்த முயற்சிகள்

இதை எண்ணிக் கவலைப்பட்டவர்கள் பலர். ஐதராபாத்தில் பொறியியல் ஆராய்ச்சி செய்துவந்த எஸ். பி. ராஜு என்பவர், கோடிக்கணக்கான ஏழை வீடுகளுக்குப் புகையில்லாச் சமையலறை வேண்டும் என்று 1953 இல் ஒரு நூலே எழுதினார். 1983 இல் மத்திய அரசு மேம்பட்ட அடுப்புக்கான தேசியத் திட்டத்தைத் தொடங்கியது. 2002 வரை நடந்த அத்திட்டத்தில் 3 கோடிக்கும் மேற்பட்ட அடுப்புகள் அமைக்கப்பட்டன. ஆனால் அவற்றுள் பல நெடுநாள் நிலைக்கவில்லை. சில அடுப்புகள் வீட்டுப் பானைக்குப் பொருந்தவில்லை. சிலவற்றில் புகைபோக்கி அடைத்துக்கொண்டது. அடுப்பைக் கட்டித் தருவதோடு வேலை முடிவதில்லை, எரிப்பவர் அதைப் புரிந்துகொள்ளவும் வேண்டும் என்பதே இதில் உள்ள பாடம்.

2007 இல் தமிழக அரசும், 2016 இல் உஜ்வலா திட்டத்தின் மூலம் மத்திய அரசும் ஏழைக் குடும்பங்களுக்கு எரிவாயு இணைப்பு வழங்கத் தொடங்கின. இயன்றவர்கள் எரிவாயுவிலேயே சமைப்பது சிறந்தது. ஆயினும் உருளை தீர்ந்தால் மறு உருளை வாங்கக் காசு வேண்டுமே! ஆகவே விறகடுப்பு இன்னும் பல வீடுகளில் எரிகிறது. வீட்டுக்குள் எழும் இத்தகைய புகையால் 2020 இல் மட்டும் உலகில் சுமார் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டுள்ளது.

விறகு மிச்சப்பட

முதலாவது, விறகு காய்ந்திருக்க வேண்டும். பச்சை விறகின் எடையில் பாதியளவுகூட நீர் இருக்கும். 1 கிலோ நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவந்து ஆவியாக்க ஏறத்தாழ 610 கிலோ கலோரி வெப்பம் செலவாகும். அந்த வெப்பம் வீணாவதோடு நெருப்பும் குளிர்ந்து புகை பெருகுகிறது. ஆகவே உடைமர விறகானாலும் சீமைக்கருவேல விறகானாலும் பிளந்து, ஐப்பசி மழைக்கு முன்பே உலர்த்தி, நனையாத இடத்தில் அடுக்க வேண்டும்.

இரண்டாவது, காற்றுக்கு வழி வேண்டும். தரையில் வைத்த விறகுக்கு அடியில் காற்றுப் புகாது. நாங்கள் வீடு கட்டி மிஞ்சிய கம்பித்துண்டுகள் ஐந்தை அடுப்பின் உள்ளே குறுக்காகப் பதித்தோம். சாம்பல் கீழே விழுகிறது, காற்று கீழிருந்து மேலே ஏறுகிறது. அடுப்பின் வாயை விறகால் திணித்து அடைக்கக் கூடாது. இரண்டு மூன்று சிறு விறகுகளை வைத்து, நுனி எரிய எரிய உள்ளே தள்ள வேண்டும்.

மூன்றாவது, வெப்பம் பானையில் பட வேண்டும். பானைக்கும் அடுப்புக்கும் இடையே சுடர் வீணாக வெளியேறும் பெரிய சந்து இருக்கலாகாது. கொடி அடுப்பு இருந்தால் அதைச் சும்மா விடாமல் வெந்நீர்ப் பானையை ஏற்றலாம். அரிசி, பருப்பை ஊறவைத்து மூடி போட்டு வேகவைத்தால் விறகு மேலும் குறையும்.

நான்காவது, புகைபோக்கியைத் துப்புரவு செய்ய வேண்டும். அப்பா எங்கள் புகைபோக்கியில் கயிற்றில் கட்டிய சாக்கை விட்டு இழுத்தபோது ஒரு சுளகு நிறையக் கரி விழுந்தது. இப்போது பதினைந்து நாளுக்கு ஒருமுறை அதை இழுப்பது என் வேலை.

ஆபத்து வராமல் இருக்க

நைலான் உடையோடு அடுப்பின் முன் உட்காராதீர்கள். பருத்தி உடையே நல்லது. தாவணியையும் முந்தானையையும் இழுத்துச் செருகிக்கொள்ளுங்கள். எரியும் அடுப்பில் மண்ணெண்ணெய் ஊற்றவே கூடாது. பற்றவைக்கப் பனையோலை, தென்னங்கொதும்பு போதும். பிளாஸ்டிக் பையும், வண்ணம் பூசிய பலகையும், அரளி விறகும் நச்சுப்புகை தரும். எரிவாயு உருளை இருக்கும் இடத்தில் விறகடுப்பு மூட்டலாகாது. புகைபோக்கி கூரை ஓலையைத் தொடக் கூடாது.

கங்கு நிறைந்த சட்டியை மூடிய அறைக்குள் வைக்காதீர்கள். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. உறங்குபவர் உறக்கத்திலேயே உயிரிழக்க நேரிடும். சமையல் முடிந்ததும் கொள்ளியை வெளியே இழுத்து அணையுங்கள். சாம்பல் நன்றாக ஆறிய பிறகே குப்பையில் கொட்டுங்கள். உடையில் தீப்பற்றினால் ஓடாமல் தரையில் படுத்து உருள வேண்டும். சுட்ட புண்ணில் மையோ பற்பசையோ தடவாமல், இருபது நிமிடம் குழாய் நீரில் காட்டிய பின் மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

மலைக்கும் நன்மை

நம் தாமிரபரணி பிறக்கும் பொதிகை மலைக்காடு, 1988 முதல் களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்தில் அடங்கியுள்ளது. மலையடிவாரப் பெண்கள் பலர் அக்காட்டில் தலைச்சுமையாக விறகெடுத்துப் பிழைத்தவர்கள். 1990களில் அங்கு நடந்த சூழல் மேம்பாட்டுத் திட்டத்தில் விறகுத் தேவையைக் குறைக்கும் வழிகளும் மாற்றுத் தொழில்களும் அவர்களுக்கு அளிக்கப்பட்டன. காடு நின்றால்தான் ஆறு ஓடும், ஆறு ஓடினால்தான் அடுப்பில் உலை கொதிக்கும்.

எங்கள் வீட்டில் முன்பு நான்கு நாள் வந்த விறகுக்கட்டு இப்போது ஆறு நாள் வருகிறது. "ஏட்டி, கண்ணு எரியலையே! அடுப்புதான் எரியுதா?" என்று ஆச்சி கேட்டார்கள். அவர்களுடைய மூச்சுத்திணறல் தீர்ந்துவிடவில்லை. ஐம்பது ஆண்டுப் புகையை ஐந்து கம்பித்துண்டுகள் எப்படித் திருப்பி எடுக்கும்? ஆனால் அம்மாவின் நெஞ்சும் என் நெஞ்சும் இனி அந்த வழியில் போக வேண்டியதில்லை.

தோழியரே, இந்த விடுமுறையில் உங்கள் வீட்டு அடுப்படிச் சுவரைப் பாருங்கள். அதில் கரி படிந்திருந்தால், அதே கரி உங்கள் அம்மாவின் நெஞ்சிலும் படிகிறது என்று அறியுங்கள். தந்தையரே, புகைபோக்கியை இழுக்க நீங்களும் கை கொடுங்கள்!

— பத்தாம் வகுப்பு மாணவி