மொத்தத்தில் விழாத சம்பளம்

கேள்வி: அம்பத்தூர் எஸ்டேட் பட்டறை ஒன்றில் எக்செல்லில் சம்பளப் பட்டியல் போடுகிறேன். புது ஆளுக்கு வரி சேர்த்தால் மொத்தம் சில மாதம் சரியாக வருகிறது, சில மாதம் இல்லை. டாலர் குறி போட்டும் பயனில்லையே?
– வாசகி, கொரட்டூர்

பதில்: வரியை எங்கே நுழைத்தீர்கள் என்பதுதான் விஷயம். பி2 முதல் பி31 வரை கூட்டச் சொல்லியிருந்தால், நடுவில் நுழையும் வரிக்காக அது பி32 வரை தானே நீளும். கடைசி ஆளுக்குக் கீழே நுழைத்தால் எல்லைக்கு வெளியே போய்விடும். சில சமயம் எக்செல் ஊகித்துச் சேர்த்துக்கொள்ளும். அந்தத் தாராளத்தை நம்பிச் சம்பளம் போடாதீர்கள். மொத்தத்துக்கு மேல் ஒரு காலி வரி விட்டு, அதையும் எல்லைக்குள் அடக்கி, புது ஆட்களை அதற்கு மேலேயே நுழையுங்கள்.

டாலர் குறி, ஃபார்முலாவை நகலெடுக்கும்போது முகவரியைப் பிடித்து வைக்க மட்டுமே. வரி நுழைத்தால் அதுவும் நகரும்.

இதைவிட ஆபத்து, பட்டியலில் தேடி எடுத்துத் தரும் விலுக்கப் ஃபார்முலா. அடிப்படைச் சம்பளம் மூன்றாவது பத்தி என்று 3 போட்டிருப்பீர்கள். அதற்கு முன்னால் பிஎஃப் பத்தி சேர்த்தாலும் அந்த 3 அசையாது. சம்பளத்துக்குப் பதில் பிஎஃப் தொகை வரும், எச்சரிக்கையும் வராது. பத்தி எண் கேட்காத எக்ஸ்லுக்கப் உள்ள பதிப்பென்றால் அதற்கு மாறிவிடுங்கள்.