குளிரறையின் வடிதட்டு

மாரிக்குப் பின் தக்காளியும் கத்தரியும் ஒருங்கே சந்தைக்கு வந்து விலை வீழ்கின்ற காலத்தில், மரக்கறியைச் சில நாள் குளிரறையில் வைத்து விற்பது கமக்காரருக்கு நன்மையே. ஆயின் அவ்வறையிலுள்ள குளிர்ச்சுருளின் கீழ் அமைந்த வடிதட்டை ஏறெடுத்துப் பார்ப்பவர் மிகச் சிலர்.

ஈரம் நிறைந்த ஒரு கனமீற்றர் காற்று 30 பாகை சதம வெப்பத்தில் ஏறக்குறைய 30 கிராம் நீராவியைத் தாங்கும். 10 பாகையில் 9 கிராமே தாங்கும். எஞ்சியது சுருளில் நீராகி வடிதட்டில் விழுகிறது. எனவே கதவைத் திறந்து வைத்து அத்தகைய காற்றில் 100 கனமீற்றரை உள்ளே விட்டால் இரண்டு லீற்றர் நீர் சேரும். சோளகக் காலத்தில் புழுதி கூடும். புழுதியும் நீரும் சேர்ந்து வழுவழுப்பான பாசியாகிக் குழாயை அடைக்கும். தட்டு நிரம்பி வழிந்தால் நீர் கூடைகளிற் சொட்டும். நனைந்த தக்காளியில் மென்னழுகல் விரைந்து பரவும்.

இதனை அற்பமென்று கருதலாகாது. 2011 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்து முலாம்பழங்கள் வழியாக லிஸ்டீரியா என்னும் கிருமி பரவி 33 பேர் மாண்டனர். பழங்களைப் பொதிசெய்த கட்டடத்தைச் சோதித்த அதிகாரிகள், குளிரூட்டியின் வடிகுழாய் நீர் நிலத்தில் தேங்கும்படி அமைந்திருந்ததையும் ஒரு குறையாகக் குறித்தனர். இக்கிருமி குளிரிலும் பெருகக் கூடியது.

வயலின் கழிவுநீர் வடிவது போலவே தட்டும் வாய்ப்பக்கம் சரிந்திருத்தல் வேண்டும். குழாய்க்கு அடிக்குக் கால் அங்குலம் சரிவு கொடுக்க. அதன் வெளிமுனையருகே 'ப' வடிவ வளைவொன்று இருந்து அதில் நீர் நின்றால், வெப்பக் காற்றும் பூச்சியும் உட்புகா.

வாரமொருமுறை தட்டில் ஒரு போத்தல் நீரை ஊற்றி, அது வெளியே தடையின்றி வருகிறதா என்று பார்த்தல் நன்று. மாதமொருமுறை மின்னிணைப்பைத் துண்டித்து, விசிறி நின்றபின், சவர்க்கார நீரும் மென்மையான தூரிகையுங் கொண்டு தட்டைக் கழுவுக. வெளிற்றுந்தூள் கரைசல் சுருளிற் படலாகாது. செம்பையும் அலுமினியத்தையும் அது அரிக்கும். மின்சாரம் நின்று சுருளின் பனிக்கட்டி உருகும் வேளையிலேயே தட்டு பெரும்பாலும் வழியும் என்பதால், அதன் நேர்கீழே கூடைகளை ஒருபோதும் அடுக்காதிருப்பது உத்தமம்.

வடிநீரை ஏந்த வெளியே வாளி வைப்போரும், கடைக் குளிர்ப்பெட்டியின் பின்புறத் தட்டை மறந்திருப்போரும் நுளம்பை வளர்ப்பவராவர். 2017 இல் இலங்கையில் 1,86,000 பேருக்கு மேல் டெங்குக் காய்ச்சல் கண்டது. முட்டை நுளம்பாவதற்கு ஏழெட்டு நாள் போதும். ஆதலால் அவ்வாளியை வாரத்துக்குள் கவிழ்த்து, உட்புறத்தைத் தேய்த்துக் கழுவுதல் வேண்டும். வெறுமனே நீரை ஊற்றிவிட்டால் பக்கங்களில் ஒட்டிய முட்டைகள் அங்கேயே இருக்கும்.