வீட்டுச் சூரிய மின்சாரம்: பேட்டரியைக் காப்பதே பராமரிப்பு

ஊரை விட்டுத் தள்ளித் தோட்டத்திலேயே குடியிருக்கும் விவசாயிக்கு இரவு வெளிச்சம் மிக அவசியம். பாம்பு, பூச்சி நடமாட்டம் ஒருபுறம். மாடு கன்று ஈனும் நேரம், மடை திருப்பும் நேரம், பிள்ளைகள் படிக்கும் நேரம் மறுபுறம். இதற்காகவே பலர் கடன் வாங்கியும் வீட்டுக் கூரையில் சூரிய மின்பலகை வைக்கிறார்கள். முதல் ஆண்டு விளக்கு நன்றாக எரிகிறது. இரண்டாம் ஆண்டில் இரவு எட்டு மணிக்கே மங்குகிறது. உடனே, "பலகை போய்விட்டது" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள்.

பெரும்பாலும் பலகை கெட்டிருப்பதில்லை. நல்ல பலகை 25 ஆண்டுகள் கழிந்த பின்னும் தன் திறனில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கைக் கொடுக்கும். கெடுவது பேட்டரி. அதுவும் வயதாகிக் கெடுவதைவிடக் கவனிப்பின்றிக் கெடுவதே அதிகம்.

ஏரியும் மதகும்

இந்த அமைப்பை ஓர் ஏரிப் பாசனத்துக்கு ஒப்பிட்டால் எளிதில் விளங்கும். கூரையில் உள்ள பலகைதான் நீர்வரத்து. பேட்டரிதான் ஏரி. விளக்கும் விசிறியும் ஆயக்கட்டு நிலம். இவற்றின் நடுவே சுவரில் மாட்டியிருக்கும் சிறு பெட்டி, அதாவது சார்ஜ் கன்ட்ரோலர், மதகைப் போன்றது. பேட்டரி நிரம்பியதும் வரத்தைக் குறைக்கும். பேட்டரி அளவுக்கு மீறி இறங்கினால் விளக்குகளைத் துண்டித்துவிடும்.

விளக்கு துண்டித்துப் போனதும் சிலர் கம்பியைக் கழற்றி நேராகப் பேட்டரியில் மாட்டிவிடுகிறார்கள். இது மதகை உடைத்து ஏரியை வடிப்பதற்குச் சமம். அன்று இரவு இரண்டு மணி நேரம் வெளிச்சம் கிடைக்கும். பேட்டரியின் ஆயுளில் பல மாதங்கள் போய்விடும்.

வரவு செலவுக் கணக்கு

100 வாட் பலகையும் 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி ஈய அமிலப் பேட்டரியும் உள்ள ஒரு வீட்டைப் பார்ப்போம். தமிழ்நாட்டில் நல்ல வெயில் நாளில் முழு வெயிலுக்கு ஈடாகச் சுமார் 5 மணி நேரம் கிடைக்கும். சூடு, தூசி, கம்பி, பேட்டரி ஆகியவற்றில் ஏற்படும் இழப்பைக் கழித்தால் ஒரு நாள் வரவு சுமார் 350 வாட்-மணி.

செலவு: 7 வாட் எல்.இ.டி. விளக்கு மூன்று, 5 மணி நேரத்துக்கு 105. நேர்மின்சாரத்தில் ஓடும் 25 வாட் விசிறி, 8 மணி நேரத்துக்கு 200. இரண்டு செல்போன்களுக்குச் சுமார் 20. ஆக மொத்தம் 325. வரவுக்குள் செலவு அடங்குகிறது.

இதே வீட்டில் இன்வெர்ட்டர் வைத்துச் சாதாரண 55 வாட் விசிறியை 8 மணி நேரம் ஓட்டினால் அதற்கு மட்டுமே 440 வாட்-மணி வேண்டும். வரவைவிடச் செலவு மிஞ்சிவிடும். மிக்சி, இஸ்திரிப் பெட்டி ஆகியவற்றை இத்தகைய சிறு அமைப்பில் மாட்டவே கூடாது.

பேட்டரியின் முழுக் கொள்ளளவு 1,200 வாட்-மணி. அதில் பாதிக்கு மேல் எடுக்காமல் இருப்பது நலம். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வரவு பாதிக்கும் கீழே போகும். அப்போது விசிறியை நிறுத்தி, ஒரு விளக்கோடு சமாளித்தால் பேட்டரி தப்பிக்கும்.

பேட்டரி எப்படிக் கெடுகிறது?

ஈய அமிலப் பேட்டரியிலிருந்து மின்சாரம் எடுக்கும்போது அதன் தகடுகளில் ஈய சல்பேட் படிகிறது. உடனே சார்ஜ் ஏற்றினால் அது கரைந்துவிடும். பேட்டரியை இறங்கிய நிலையிலேயே பல நாட்கள் விட்டுவைத்தால் அந்தப் படிவு இறுகிவிடும், பிறகு கரையாது. வண்டல் படிந்த ஏரிபோல் அதன் கொள்ளளவு குறைந்துவிடும்.

இரண்டாவது காரணம் நீர் வற்றுதல். சார்ஜ் ஏறும்போது பேட்டரியில் உள்ள நீர் சிறிது சிறிதாக வாயுவாக வெளியேறுகிறது. தகடுகள் வெளியே தெரியும் அளவுக்கு வற்றினால் அந்தப் பகுதி கெட்டுப்போகும்.

ஆகவே மாதம் ஒருமுறையும், கோடையில் 15 நாட்களுக்கு ஒருமுறையும் நீர் மட்டத்தைப் பார்க்க வேண்டும். டிஸ்டில்டு வாட்டர் என்று கடையில் கேட்டு வாங்கும் காய்ச்சி வடித்த நீரை மட்டுமே ஊற்ற வேண்டும். கிணற்று நீர், குழாய் நீர், குடிநீர்ப் பாட்டில் நீர் எதுவும் கூடாது. அவற்றில் உள்ள உப்பு பேட்டரியைக் கெடுக்கும். குறைவது நீர்தான், அமிலம் அல்ல. எனவே அமிலம் ஊற்றவே கூடாது. சார்ஜ் ஏறிய பின் மாலையில், குறித்த அளவு வரை ஊற்றுவதே முறை. தகடு வெளியே தெரிந்தால் மட்டும் அது மூழ்கும் அளவுக்கு முதலில் ஊற்றிச் சார்ஜ் ஏற்றி, பிறகு மீதியை நிரப்ப வேண்டும்.

முனைகளில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால், மூடிகளை இறுக்கிவிட்டு, ஆப்ப சோடா கரைத்த நீரில் நனைத்த துணியால் துடைத்து, உலர்ந்ததும் வாசலின் தடவலாம். சோடா நீர் ஒரு சொட்டும் பேட்டரிக்குள் போகக் கூடாது. சார்ஜ் ஏறும்போது தீப்பற்றும் வாயு வெளிவரும். எனவே பேட்டரியைக் காற்றோட்டமான இடத்தில் வைக்க வேண்டும். அருகில் பீடி, தீக்குச்சி, அடுப்பு ஆகாது. அமிலம் மேலே பட்டால் உடனே நிறைய நீர் விட்டுக் கழுவ வேண்டும். கண்ணில் பட்டால் விடாமல் கழுவிவிட்டு மருத்துவரிடம் போக வேண்டும்.

பலகையைக் கவனிக்கும் முறை

பலகை தெற்கு நோக்கிச் சற்றுச் சாய்ந்திருக்க வேண்டும். ஒரு மீட்டர் நீளமுள்ள பலகையின் வடக்கு ஓரம், தெற்கு ஓரத்தைவிட ஒரு சாண் உயர்ந்திருந்தால் போதும். கூரைக்கும் பலகைக்கும் இடையே காற்றுப் புக இடைவெளி வேண்டும். பலகைக்கு வேண்டியது ஒளியே, சூடு அல்ல. சூடு ஒரு டிகிரி கூடினால் திறன் சுமார் 0.4 சதவீதம் குறையும். கோடை உச்சியில் 65 டிகிரி வரை காயும் பலகை 100 வாட்டுக்குப் பதில் 85 வாட் அளவே கொடுக்கும்.

பலகையில் உள்ள சில்லுகள் ஒன்றோடொன்று தொடராக இணைக்கப்பட்டவை. ஒரே வாய்க்காலில் ஓரிடம் அடைத்தால் கடைமடைக்கு நீர் போகாதது போல, ஒரு தென்னை மட்டையின் நிழல் விழுந்தாலும் மின்சாரம் வெகுவாகக் குறையும். மரம் வளர வளர நிழல் எங்கே விழுகிறது என்று பார்த்து மட்டையைக் கழிக்க வேண்டும்.

மழையில்லாத காலத்தில் 15 நாட்களுக்கு ஒருமுறை, அதிகாலையில், மென்மையான துணியால் பலகையைக் கழுவலாம். உச்சி வெயிலில் தண்ணீர் ஊற்றினால் சூடான கண்ணாடி விரிசல் விடக்கூடும். உப்பு நீராக இருந்தால் கறை படியாதபடி உடனே துடைத்துவிட வேண்டும். சாம்பல், தேங்காய் நார் கொண்டு தேய்க்கக் கூடாது. ஓட்டின் மேலோ சிமென்ட் அட்டையின் மேலோ ஏறி நிற்பது ஆபத்து.

குறையைக் கண்டறிதல்

காலையில் வெயில் ஏறுமுன், விளக்குகளை அணைத்துவிட்டு, மல்டிமீட்டரால் பேட்டரியை அளக்க வேண்டும். 12.2 வோல்ட்டுக்குக் குறையாமல் இருந்தால் செலவு அளவோடு இருக்கிறது. நாள்தோறும் 12க்குக் கீழே இருந்தால் செலவு மிஞ்சுகிறது அல்லது வரத்துக் குறைகிறது என்று பொருள்.

வண்டல் படிந்த ஏரி சீக்கிரம் நிரம்பும், சீக்கிரம் வற்றும். அதுபோலக் காலை பத்து மணிக்கே "நிரம்பிவிட்டது" என்று பெட்டி காட்டி, இரவில் விளக்கும் சீக்கிரம் மங்கினால் பேட்டரியே பழுது. மாறாக, நல்ல வெயிலிலும் நாள் முழுதும் நிரம்பாவிட்டால் தூசி, நிழல், தளர்ந்த கம்பி, மிஞ்சிய செலவு ஆகியவற்றை ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். நண்பகலில் பலகையின் கம்பிகளைப் பெட்டியிலிருந்து கழற்றி அளந்தால், 12 வோல்ட் பேட்டரிக்கான பலகை 18 முதல் 22 வோல்ட் காட்டும். அப்படிக் காட்டினால் பலகையை மாற்ற அவசரப்பட வேண்டாம்.

பழுது பார்க்கும்போது முதலில் பலகையின் கம்பியையும் அடுத்துப் பேட்டரியின் கம்பியையும் கழற்ற வேண்டும். மாட்டும்போது முதலில் பேட்டரி, பிறகு பலகை. வரிசை மாறினால் பெட்டி பழுதாகலாம்.

மின்வாரிய இணைப்போடு சேர்ந்தவை

2024இல் மத்திய அரசு தொடங்கிய வீட்டுக் கூரை மானியத் திட்டத்தில் வைக்கப்படுபவை பெரும்பாலும் மின்வாரியக் கம்பியோடு இணைந்தவை. இவற்றில் வழக்கமாகப் பேட்டரி இருப்பதில்லை. மின்தடை வந்தால், கம்பத்தில் வேலை செய்பவரின் பாதுகாப்புக்காக இவையும் நின்றுவிடும். வெளிச்சம் தடையின்றி வேண்டுவோர் வாங்குமுன் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

லித்தியம் பேட்டரிக்கு நீர் ஊற்றும் வேலை இல்லை, ஆயுளும் அதிகம். ஆனால் விலை கூடுதல்; அதற்கேற்ற கன்ட்ரோலரும் வேண்டும். பழைய பெட்டியில் அப்படியே மாட்டக் கூடாது.

கறவை மாட்டை நாள்தோறும் பார்ப்பது போலப் பேட்டரியையும் அவ்வப்போது பார்க்க வேண்டும். மாதம் அரை மணி நேரமும் ஒரு புட்டி வடித்த நீரும் போதும். இரண்டு ஆண்டில் வீணாகும் பேட்டரி ஐந்து ஆண்டு வரை உழைக்கும். அடுத்த பேட்டரிக்கு மீண்டும் கடன் வாங்கும் நிலையும் தள்ளிப்போகும்.