ஜீனா, பழக்கமா? கணக்கு போட்டுப் பார்ப்போம்

"எங்க பரம்பரையிலேயே ஹார்ட் பிரச்சினை இருக்கு, நான் என்ன பண்ணாலும் வரத்தான் போகுது." உங்க ஹாஸ்டல்ல இப்படிச் சொல்ற ஒருத்தர் கண்டிப்பா இருப்பார். "எங்க தாத்தா கடைசி வரைக்கும் பீடி குடிச்சார், ஒண்ணும் ஆகல" என்று சொல்ற இன்னொருத்தரும் இருப்பார். ஒருத்தர் ஜீனை மட்டும் பார்க்கிறார். இன்னொருத்தர் அவருக்குச் சாதகமான ஒரே ஒரு டேட்டா பாயின்ட்டை மட்டும் பார்க்கிறார். ஜீனும் பழக்கமும் சேரும்போது என்ன ஆகும் என்பதை ரெண்டு பேருமே கணக்கு போடவில்லை.

புள்ளியியலில் பிஎச்டி செய்கிற பலர் வருஷக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொள்கிற கேள்வி இதுதான். ஆனா பயப்படாதீங்க, நாம் படித்த ப்ராபபிலிட்டியே இதன் மையத்தைப் புரிந்துகொள்ளப் போதும்.

முதலில் பின்னணி. 1948-ல் அமெரிக்காவின் ஃப்ராமிங்ஹாம் ஊரில் 5,209 பேரைச் சேர்த்து, ரெண்டு வருஷத்துக்கு ஒருமுறை பரிசோதித்து வந்தார்கள். ரத்த அழுத்தம், கொலஸ்ட்ரால், புகைப்பழக்கம் எல்லாம் மாரடைப்போடு எப்படிச் சம்பந்தப்பட்டிருக்கிறது என்பது அங்கேதான் எண்ணாக மாறியது. பல காரணங்களை ஒரே சமன்பாட்டில் வைத்துப் பார்க்க லாஜிஸ்டிக் ரிக்ரெஷன் கைகொடுத்தது.

ஜீனை எப்படி எண்ணாக்குவது? டிஎன்ஏ-வில் ஆபத்தைக் கூட்டும் ஒவ்வொரு மாற்றமும் உங்களிடம் 0, 1 அல்லது 2 பிரதிகள் இருக்கும். அந்த எண்ணை அதற்குரிய வெயிட்டால் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டுங்க. அவ்வளவுதான், ஒரு டாட் ப்ராடக்ட்! இதற்குப் பெயர் பாலிஜெனிக் ரிஸ்க் ஸ்கோர்.

2016-ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் ஒரு ஆய்வு வந்தது. 50 டிஎன்ஏ மாற்றங்களை வைத்து ஸ்கோர் போட்டார்கள். புகைக்காமை, உடல் பருமன் இல்லாமை, உடற்பயிற்சி, நல்ல உணவு ஆகிய நான்கில் குறைந்தது மூன்று இருந்தால் நல்ல பழக்கம். ஒன்றோ, அதுவும் இல்லையோ என்றால் மோசமான பழக்கம். அதில் இருந்த ஏரிக் என்ற அமெரிக்கக் குழுவில், 10 வருஷத்துக்குள் இதயப் பிரச்சினை வந்தவர்களின் விகிதம் இது:

ஜீன் ஆபத்து அதிகம்: மோசமான பழக்கம் 10.7%, நல்ல பழக்கம் 5.1%.
ஜீன் ஆபத்து குறைவு: மோசமான பழக்கம் 5.8%, நல்ல பழக்கம் 3.1%.

குறுக்கே பாருங்க. கெட்ட ஜீனும் நல்ல பழக்கமும் உள்ளவருக்கு 5.1%. நல்ல ஜீனும் கெட்ட பழக்கமும் உள்ளவருக்கு 5.8%. ஹாஸ்டல் நண்பர்கள் ரெண்டு பேருக்கும் இங்கேயே பதில் இருக்கு.

இப்போ கொஞ்சம் ஆழமாகப் போகலாம். வகுத்துப் பாருங்க: 5.1/10.7 = 0.48, 3.1/5.8 = 0.53. ரெண்டு பக்கமும் ஆபத்து ஏறக்குறைய பாதியாகிறது. அதாவது, பெருக்கல் அளவில் ஜீனும் பழக்கமும் தனித்தனியாக வேலை செய்கின்றன. "இன்டராக்‌ஷன் பெரிதாக இல்லை" என்று மாடல் சொல்லும்.

அடுத்து கழித்துப் பாருங்க: 10.7 − 5.1 = 5.6, 5.8 − 3.1 = 2.7. ஆயிரம் பேருக்கு, கெட்ட ஜீன் குழுவில் 56 பேர் வித்தியாசம். நல்ல ஜீன் குழுவில் 27 பேர்தான். கூட்டல் அளவில் இன்டராக்‌ஷன் பளிச்சென்று தெரிகிறது!

அதே டேட்டா, ரெண்டு பதில். ரெண்டும் சரிதான். லாஜிஸ்டிக் போன்ற மாடல்கள் லாக் அளவில் கூட்டுகின்றன, அதனால் நிஜ அளவில் அது பெருக்கலாகிவிடுகிறது. பழக்கத்தை மாற்ற யாருக்கு முதலில் உதவ வேண்டும் என்று முடிவெடுக்கும்போது, கழித்து வந்த எண்தான் ஆட்களைக் காட்டும். ஜீன் ஆபத்து அதிகம் உள்ளவருக்குத்தான் பழக்கத்தை மாற்றுவதில் லாபமும் அதிகம். "வரத்தான் போகுது" என்பதற்கு நேர் எதிர் இது.

ரெண்டு எச்சரிக்கை. ஒன்று, யாருக்கு எந்தப் பழக்கம் என்று யாரும் குலுக்கல் போட்டுப் பிரிக்கவில்லை. வருமானம், படிப்பு போன்றவையும் உள்ளே புகுந்திருக்கலாம். ரெண்டு, இந்த ஸ்கோர்களின் வெயிட்கள் பெரும்பாலும் ஐரோப்பிய வம்சாவளியினரின் டேட்டாவிலிருந்து வந்தவை. மற்ற மக்களிடம் அவற்றின் துல்லியம் குறைகிறது. அதனால் இந்த எண்களை அப்படியே நம் மேல் ஒட்டிக்கொள்ள முடியாது. நம்மில் யாருக்காவது பிஎச்டி ஆசை இருந்தால், செய்ய வேண்டிய வேலை இங்கே நிறையவே இருக்கு.

கடைசியாக ஒரு பழக்கம் மட்டும் வைத்துக்கொள்ளுங்க. "ஆபத்து 50% குறையும்" என்று எங்கே படித்தாலும், உடனே கேளுங்க: எத்தனையிலிருந்து எத்தனைக்கு?