ஆரதி சாஹாவின் 33 நாட்கள்

தன்னம்பிக்கையைப் பற்றிய பேச்சுக்கு நம்மிடையே பஞ்சமில்லை. "உன்னால் முடியும்" என்று பிள்ளைகளிடம் நாளைக்குப் பத்து முறை சொல்கிறோம். அவர்களும் தலையாட்டுகிறார்கள். ஆனால் புதுப் பள்ளிக்கூடத்தில் முதல் நாள் எழுந்து நின்று பெயர் சொல்ல வேண்டியிருக்கும்போது, அதே பிள்ளையின் குரல் தொண்டையிலேயே நின்றுவிடுகிறது. மாற்றல் உத்தரவு வந்ததும் மூட்டை கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போகும் நம் குடும்பங்களில் இது அடிக்கடி காண்கிற காட்சி. சொல்லிக் கொடுத்து வராத இந்த நம்பிக்கை வேறு எப்படித்தான் வருகிறது? இதற்கு விடை தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. நாம் குடியேறியிருக்கும் இந்தக் கொல்கத்தாவிலேயே, ஒரு குளத்தங்கரையில், அதற்கான பாடம் இருக்கிறது.

ஆரதி சாஹா 1940 செப்டம்பர் 24 அன்று இந்த நகரில் பிறந்தவர். மிகச் சிறு வயதிலேயே தாயை இழந்தவர். ஹாட்கோலா நீச்சல் சங்கத்தில் சேர்ந்து, 1951 ஆசிய விளையாட்டுப் போட்டியில் 100 மீட்டர் நீச்சலில் தங்கம் வென்ற சச்சின் நாகின் கண்காணிப்பில் வளர்ந்தார். 1952இல் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் இந்தியாவுக்காக நீந்தியபோது அவருக்கு 11 வயது. இவ்வளவும் குளத்து நீரில், அளந்து கட்டிய தூரத்தில் செய்த சாதனைகள். ஆங்கிலக் கால்வாய் வேறு சங்கதி.

கால்வாய் என்ற சொல் நம்மை ஏமாற்றிவிடும். சென்னையில் பக்கிங்ஹாம் கால்வாயைப் பார்த்துப் பழகியவர்கள் இதையும் அப்படி ஏதோ ஒன்று என்று எண்ணிவிடக் கூடாது. இது முழுக்க முழுக்கக் கடல். பிரான்சுக்கும் இங்கிலாந்துக்கும் நடுவே மிகக் குறுகிய இடத்திலும் சுமார் 33 கிலோமீட்டர் அகலம். நீச்சல் வீரர்கள் இறங்கும் கோடை மாதங்களிலும் நீரின் வெப்பம் 15 முதல் 18 டிகிரி வரைதான். சித்திரை வெயிலில் நம் குளத்து நீர் இருக்கும் நிலையோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். குளிரைவிடப் பெரிய தொல்லை நீரோட்டம். ஏறக்குறைய ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை அது திசை மாறும்; நீந்துபவரை முதலில் ஒரு பக்கமும் பிறகு மறுபக்கமும் தள்ளும். ஆகவே நேர்கோட்டில் யாரும் கரை சேர்வதில்லை. பாம்பு ஊர்ந்த தடம் போல வளைந்து வளைந்துதான் போக வேண்டும். கூடவே ஒரு வழிகாட்டும் படகு வரும். அதிலிருந்து உணவை எட்டிக் கொடுக்கலாம். ஆனால் நீந்துபவர் படகைத் தொடக் கூடாது. தொட்டால் அத்தோடு முயற்சி முடிந்தது.

இந்தக் கடலில் இறங்குவதற்கு ஆரதி எப்படித் தயாரானார் என்பதுதான் நாம் கவனிக்க வேண்டிய இடம். 1959 ஏப்ரல் 13 அன்று வடகொல்கத்தாவில் தேசபந்து பூங்காக் குளத்தில் அவர் தொடர்ந்து 8 மணி நேரம் நீந்தினார். கரையில் ஆயிரக்கணக்கானோர் திரண்டு நின்றார்கள். பின்னர் ஒரே மூச்சாக 16 மணி நேரம் நீந்தினார். ஜூலையில் இங்கிலாந்துக்குக் கிளம்பினார். பயணச் செலவுக்கு முதலமைச்சர் பிதான் சந்திர ராய் உதவினார். ஆகஸ்டில் கால்வாயிலேயே பயிற்சி. முதலில் நேரத்துக்குப் பழக வேண்டும், அப்புறம் குளிருக்கு, அதன் பிறகு அலைக்கு. மூன்றையும் ஒரே நாளில் எதிர்கொள்ளச் சொன்னால் எந்த உடம்பும் மறுத்துவிடும்.

போட்டி ஆகஸ்ட் 27 அன்று. நள்ளிரவு தாண்டி, பிரான்சின் கிரி நே முனையிலிருந்து புறப்பாடு. ஆரதியின் வழிகாட்டும் படகு நேரத்துக்கு வரவில்லை. மற்றவர்கள் போய் 40 நிமிடம் கழித்துத்தான் அவரால் இறங்க முடிந்தது. நீரோட்டக் கணக்கை வைத்துப் புறப்படும் நேரம் குறிக்கப்படும் இடத்தில் 40 நிமிடம் என்பது சிறிய விஷயம் அன்று. முற்பகல் 11 மணிக்கு இங்கிலாந்துக் கரை 5 மைல் தூரத்தில் இருந்தது. அப்போது எதிர் நீரோட்டம் பிடித்துக்கொண்டது. மாலை 4 மணி வரை போராடியும் அவரால் 2 மைல்தான் முன்னேற முடிந்தது. ஐந்து மணி நேரத்துக்கு 2 மைல்! அவர் தொடரவே விரும்பினார். படகோட்டி வற்புறுத்தவே முயற்சியைக் கைவிட வேண்டியதாயிற்று.

அதிலிருந்து 33 நாள் கழித்து, செப்டம்பர் 29 அன்று, அதே முனையிலிருந்து அவர் மறுபடியும் இறங்கினார். 16 மணி 20 நிமிடம் நீந்தி இங்கிலாந்தின் சாண்ட்கேட் கரையை அடைந்தார். ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடந்த முதல் ஆசியப் பெண்மணி ஆனார். இடையில் அவருக்கு 19 வயது நிறைந்து ஐந்து நாளாகியிருந்தது. அடுத்த ஆண்டு பத்மஸ்ரீ விருது பெற்றார்.

இந்த 33 நாட்களில் புதிதாக என்ன பலம் கூடியிருக்க முடியும்? தசை வலிமை ஒரு மாதத்தில் இரட்டிப்பாகிவிடாது. அந்த இளம்பெண்ணின் மனத்தில் என்ன ஓடிற்று என்று ஊகிக்கவும் வேண்டாம். கணக்கை மட்டும் பார்ப்போம். ஆகஸ்ட் 27க்கு முன் அவரிடம் இருந்தது குளத்தில் 16 மணி நேரம் நீந்திய சான்றும் கடலில் சில நாள் பயிற்சியும். ஆகஸ்ட் 27க்குப் பின் அவரிடம் இருந்தது, அந்தக் குளிரில், அந்த அலையில், 14 மணி நேரத்துக்கு மேல் கையும் காலும் சோராமல் இயங்கின என்ற நேரடி அறிவு. நிறுத்தியது நீரோட்டம், உடம்பு கைவிடவில்லை. ஊரார் கண்ணுக்கு அது தோல்வி. என் கணிப்பில் செப்டம்பர் வெற்றியின் பெரும் பகுதி அந்தத் தோல்விக்குள்ளேயே சேர்ந்துவிட்டது.

உளவியல் அறிஞர் ஆல்பர்ட் பண்டூரா 1977இல் வெளியிட்ட ஆய்வுரை ஒன்று இதைத் தெளிவாக விளக்குகிறது. ஒரு காரியத்தைத் தன்னால் செய்ய முடியும் என்ற நம்பிக்கை எங்கிருந்து பிறக்கிறது என்று அவர் ஆராய்ந்தார். தானே செய்து தேறிய அனுபவம்தான் முதல் ஊற்று. அதுவே வலுவானதும் கூட. தன்னைப் போன்ற ஒருவர் செய்வதைப் பார்ப்பது அடுத்தது. அதற்குப் பிறகுதான் பிறர் சொல்லும் ஊக்க மொழி. உடம்பின் நிலையை மனம் எப்படிப் பொருள் கொள்கிறது என்பதும் சேரும்: நெஞ்சு படபடத்தால் "பயந்துவிட்டேன்" என்று எண்ணுகிறோமா, "தயாராகிவிட்டேன்" என்று எண்ணுகிறோமா என்பது. நாம் வீட்டில் அள்ளி வழங்குவது பெரும்பாலும் ஊக்க மொழியை. அதுவோ செய்து பார்த்த அனுபவம் பின்னால் இல்லாவிட்டால் சீக்கிரம் கரைந்துவிடும்.

தன்னைப் போன்றவரைப் பார்ப்பது என்றேனே, அதுவும் ஆரதிக்கு வாய்த்தது. 1958இல் டாக்காவைச் சேர்ந்த பிரஜேன் தாஸ் கால்வாயைக் கடந்தார். அதே ஆண்டு செப்டம்பர் 27 அன்று மிஹிர் சென் 14 மணி 45 நிமிடத்தில் கடந்து, அதைச் செய்த முதல் இந்தியர் ஆனார். இருவரும் வங்காளிகள். இருவருமே ஆரதிக்கு ஆதரவாக இருந்தார்கள்.

மிஹிர் சென்னின் கதை நமக்கு இன்னும் நெருக்கமானது. சட்டம் படிக்க 1950இல் இங்கிலாந்து போனவர், செலவுக்காக ரயில் நிலையத்தில் இரவில் மூட்டை தூக்கியவர். அமெரிக்கப் பெண்மணி ஃப்ளாரன்ஸ் சாட்விக் கால்வாயை நீந்தியதைப் பத்திரிகையில் படித்துத் தாமும் நீந்த ஆசைப்பட்டார். அப்போது அவருக்கு நீச்சல் அனுபவமே அதிகம் கிடையாது. அங்கே நீச்சல் வகுப்பில் சேர்ந்து அரிச்சுவடியிலிருந்து கற்றார். சில முறை முயன்று தோற்ற பிறகே 1958இல் வென்றார். பின்னர் கொல்கத்தாவில் வழக்கறிஞராக இருந்துகொண்டே 1966இல் ஒரே ஆண்டில் ஐந்து நீரிணைகளையும் கால்வாய்களையும் நீந்தினார். அவற்றில் முதலாவது நம் பாக் நீரிணை. ஏப்ரல் 5 அன்று தலைமன்னாரில் இறங்கி, 25 மணி 36 நிமிடம் நீந்தி, மறுநாள் தனுஷ்கோடியில் கரையேறினார். 1964 டிசம்பர் புயலில் அழிந்து வெறும் மணலும் இடிந்த சுவருமாய்க் கிடந்த தனுஷ்கோடி அது.

அந்தக் கடலுக்கு நம்மவர் வரலாறும் உண்டு. தொண்டைமானாற்றைச் சேர்ந்த நவரத்தினசாமி 1954இலேயே பாக் நீரிணையை நீந்திக் கடந்தார். வல்வெட்டித்துறையின் ஆழிக்குமரன் ஆனந்தன் 1971இல் போகவும் வரவுமாக நீந்தித் திரும்பினார். 1994இல் குற்றாலீசுவரன் என்ற 12 வயதுத் தமிழ்ச் சிறுவன் பாக் நீரிணையையும் ஆங்கிலக் கால்வாயையும் கடந்து, ஒரே ஆண்டில் ஆறு நீரிணைகளை நீந்தி மிஹிர் சென்னின் சாதனையை முறியடித்தான். 2022 மார்ச்சில் மும்பையைச் சேர்ந்த ஜியா ராய் என்ற 13 வயதுச் சிறுமி தலைமன்னாரிலிருந்து அரிச்சல்முனை வரை 29 கிலோமீட்டரை 13 மணி 10 நிமிடத்தில் நீந்தினாள். அவளுக்கு ஆட்டிசம் உண்டு. தந்தை கடற்படை ஊழியர்.

இதைப் படித்துவிட்டு யாரும் நாளைக்கே பிள்ளையைக் கடலில் இறக்கிவிட வேண்டாம். ஆழிக்குமரன் ஆனந்தன் 1984இல் ஆங்கிலக் கால்வாயில் நீந்தும்போதுதான் உயிரிழந்தார். எத்தனையோ மணி நேரம் கடலில் மிதந்து பழகிய உடம்பு அது. குளிர்ந்த நீர் உடலின் வெப்பத்தைக் காற்றைவிடப் பல மடங்கு வேகமாக உறிஞ்சிவிடும். முதலில் நடுக்கம், பிறகு குழறும் பேச்சு, பிறகு தெளிவற்ற எண்ணம். நீந்துபவருக்குத் தம் நிலை தமக்கே தெரியாமல் போகும். அதனால்தான் நிறுத்தும் அதிகாரம் படகில் இருப்பவர் கையில் இருக்கிறது. அன்று ஆரதியை நிறுத்தச் சொன்ன படகோட்டியைப் பலர் குறை சொல்லியிருக்கலாம். நான் சொல்லமாட்டேன். இன்று ஆங்கிலக் கால்வாயில் 16 வயது நிறையாதவர்களை அனுமதிப்பதில்லை. இறங்க விரும்புவோர் முன்னதாகவே 16 டிகிரி அல்லது அதற்கும் குறைந்த குளிர்நீரில் 6 மணி நேரம் நீந்திக் காட்ட வேண்டும். விண்ணப்பத்தில் "எனக்கு நம்பிக்கை இருக்கிறது" என்று எழுதினால் போதாது.

இந்த விதியை நம் வீட்டு அளவுக்குச் சுருக்கிக்கொள்ளலாம். தண்ணீரைக் கண்டாலே அழும் எட்டு வயதுப் பிள்ளைக்கு ஆங்கிலக் கால்வாய் என்பது குளத்தின் ஆழமான மூலைதான். முதல் வாரம் முகத்தை நீரில் அமிழ்த்தி மூச்சு விட்டால் போதும். பிறகு மிதத்தல், பிறகு ஐந்து மீட்டர். ஒரு நோட்டுப் புத்தகத்தில் தேதியும் தூரமும் பிள்ளையே தன் கையால் எழுதட்டும். தமிழில் எழுதினால் இரட்டை இலாபம். பயிற்சியாளர் இல்லாமல், ஆள் நடமாட்டம் இல்லாத குளத்தில் இறங்கக் கூடாது என்பதில் மட்டும் விட்டுக்கொடுக்க வேண்டாம். நன்றாக நீந்தத் தெரிந்தவருக்கும் இது பொருந்தும்.

நீந்தத் தெரிந்துவிட்டால் கணக்குப் பரீட்சையில் நூறு வாங்கிவிடுவானா என்று சில தந்தையர் கேட்கக்கூடும். வாங்கமாட்டான். ஒரு துறையில் வந்த நம்பிக்கை இன்னொன்றுக்குத் தானாகத் தாவிவிடாது. பண்டூராவின் கருத்தும் இதற்கு ஒத்ததே. ஆனால் பயப்பட்ட ஒன்றைத் துண்டு துண்டாக்கி, ஒவ்வொரு துண்டாக முடித்த முறை அவன் கையில் இருக்கும். மூன்று மாதத்துக்கு முன் சுவரைப் பிடித்துக்கொண்டு அலறிய இடத்தில் இன்று நீந்துகிறோம் என்பதை அந்த நோட்டுப் புத்தகம் காட்டும். புதுப் பள்ளியில் வங்காளி மொழி புரியாமல் விழிக்கும்போது அதை நினைவூட்டிப் பாருங்கள்.

பெண் பிள்ளைகளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பத்துப் பதினொரு வயது வரை ஆசையாக அனுப்பிவிட்டு, பெரியவள் ஆனதும் நிறுத்திவிடுகிற வழக்கம் நம் வீடுகளில் இன்னும் போகவில்லை. உடை, ஊர்ப் பேச்சு, முடி கொட்டும், நிறம் கறுக்கும் என்று காரணங்கள் வரிசையாக வரும். உடம்பு வளர்ந்து, தன்னைப் பற்றியே கூச்சம் மிகும் பருவத்தில்தான் இந்தப் பயிற்சி அவளுக்கு அதிகம் தேவைப்படுகிறது. 1959இல், நடுத்தரக் குடும்பத்துப் பதினெட்டு வயதுப் பெண்ணை இந்த ஊர் குளத்தங்கரையில் கூடி நின்று வாழ்த்தி அனுப்பியது. நாம் அதே ஊரில்தான் இருக்கிறோம்.

லேக் மார்க்கெட் பக்கம் இருப்பவர்களுக்கு ரவீந்திர சரோவர் ஏரியின் நீச்சல் சங்கங்கள் அருகிலேயே உள்ளன. வடக்கே ஹெதுவா குளம், கல்லூரிச் சதுக்கம். பிள்ளையை உள்ளே அனுப்பிவிட்டுத் துண்டும் பையுமாகக் கரையில் உட்கார்ந்திருக்கும் தாய்மார்களும் பெரியவர்களுக்கான வகுப்பு எப்போது என்று அப்படியே கேட்டு வைக்கலாம். வெயில் தொடங்கிவிட்டால் கூட்டம் சேர்ந்துவிடும். அதற்கு முன்பே விசாரித்துக்கொள்வது நல்லது.